நாலு நாற்பதுக்குப் போட்ட பதிவு

வாயத் தொறக்கக் கூடாது. இப்போதைக்கு அது ஒண்ணுதான். மத்ததெல்லாம் உள்ள கூப்பிட்டப்புறம் பாத்துக்கலாம். கோட்டாட்சியர் ஆபீஸ் வராந்தா, ஒரே ஒரு பெஞ்சு, அதுல ரெண்டே பேரு, நானும் இவரும். இவரு யாருன்னு தெரிஞ்சிருந்தா வெளிய வேப்பமரத்தடியிலயே நின்னிருப்பேன். நான் வரும்போது துண்ட முகத்துல போட்டுக்கிட்டு சுவத்துல சாஞ்சி தூங்கிட்டிருந்தாரு, யாரோ பட்டா மாத்த வந்தவருன்னு நெனச்சேன். வாசல்ல ஆள் கூப்பிடற தபேதார்கிட்ட "ஓலைத்தாங்கல் விசாரணை இங்கதானே, மேடம் வந்துட்டாங்களா?"ன்னு என் பாட்டுக்குக் கேட்டேன், சம்மன காட்டினேன், "உக்காருங்க, கூப்பிடுவோம்"னாரு, வந்து உக்காந்துட்டேன். கொஞ்ச நேரம் கழிச்சு துண்ட எடுத்தாரு, இருமினாரு, "மணி என்னம்மா ஆவுது?"ன்னாரு. அவ்வளவுதான். நாலு மாசம் ஆச்சு, ஒரே ஒரு தடவை ஒரு நிமிஷம் போன்ல கேட்ட குரல், ஆனா தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன், இது ஏகாம்பரம். ஓலைத்தாங்கல் ஏரி மதகைத் தொறந்து மூடுற லஸ்கர் ஏகாம்பரம். எனக்கு இவரு குரல் தெரியும்னா இவருக்கு என் குரல் தெரியாம இருக்குமா? அதனால வாயத் தொறக்கல. செல்போனைத் திருப்பி மணியக் காட்டினேன். பதினொண்ணு பத்து. இவரு அதப் பாத்தாரு, என்னப் பாத்தாரு, "பேச்சு வராதாம்மா?"ன்னாரு. நான் தலையாட்டினேன். ஐயோ, எதுக்கு ஆட்டினேன்? இல்லன்னு ஆட்டினேனா ஆமான்னு ஆட்டினேனா எனக்கே தெரியல, ஆனா இவரு ஆமான்னு எடுத்துக்கிட்டாரு. "பாவம்"னாரு. இவரு என்னப் பாத்து பாவம்னு சொல்றாரு. நல்லா இருக்குடி மேகலா, ஆறு வருஷமா அடுத்தவன் வாயில பேசினவளுக்கு இன்னிக்கு சொந்த வாய் போயிடுச்சு.

கைப்பையில அந்தக் காகிதம் இருக்கு. ஒரு பக்கம்தான். மூணு வாரத்துக்கு முன்னாடியே கையெழுத்துப் போட்டுக் குடுத்தது, இது நகல். இன்னிக்கு உள்ள போய் அது என் வாக்குமூலம்தான்னு ஒரு வார்த்தை சொல்லணும், அவ்வளவுதான் வேலை. பிரகலாதன் சாரு நேத்து கூட சொன்னாரு, "ஆமான்னு சொல்லிட்டு வந்துடு மேகலா, ரெண்டு நிமிஷம், வர்ற வழியில சாப்பிட்டுட்டு வா." அண்ணனோட பி.ஏ. அவரு. அண்ணன்னா எங்க தொகுதி எம்.எல்.ஏ. ஊரே அண்ணன்னுதான் சொல்லும், எழுபது வயசுக் கெழவியும் அண்ணன்னுதான் சொல்லும். அந்த அண்ணன் பேருல பேஸ்புக்ல என்ன வந்தாலும் அது நான் எழுதினது. "இன்று காலை நான்" "என் தொகுதி மக்கள்" "என் கண்கள் கலங்கின" எல்லாம் நான். அண்ணன் கண்ணு கலங்கி நான் பாத்ததே இல்ல, வெங்காயம் வெலை ஏறினப்போ கூட. எனக்கு முப்பத்தாறு வயசு, மீசை வெச்ச ஆம்பளையா எழுதி எழுதி, சில நாள் எங்கம்மாகிட்ட "நான் பாத்துக்கறேன்மா, கவலப்படாதீங்க"ன்னு அந்தத் தோரணையிலயே சொல்லிடுவேன், அம்மா ஒரு மாதிரி பாப்பாங்க. இதுக்கு முன்னாடி பத்திரிகையில ப்ரூஃப் பாத்துக்கிட்டிருந்தேன். செத்துப்போன ஒருத்தர் வயசு அறுபத்தெட்டா அறுபத்தொம்பதான்னு மூணு பேருக்குப் போன் போட்டுக் கேட்டவ நானு. சிரிப்பா இருக்கு. இல்ல, சிரிப்பா இல்ல. அந்தப் பத்திரிகை எங்க ஊர்ப் பதிப்ப மூடினாங்க, நான் அண்ணன் ஆபீசுக்கு வந்தேன், அப்புறம் யாருக்கும் போன் போட்டு எதையும் கேக்கல.

"நானும் இதுக்குத்தாம்மா வந்திருக்கேன், ஓலைத்தாங்கலுக்கு." பேச ஆரம்பிச்சிட்டாரு. பேச்சு வராதவகிட்ட எல்லாருக்கும் பேசத் தோணும் போல. "பதினாலு மாசம் இருக்கு நான் ரிட்டயர் ஆவ. முப்பத்தோரு வருஷம் அந்த ஏரியில இருந்தேன். எந்தப் பக்கம் நண்டு வளை இருக்கு, எந்தப் பக்கம் கரை எளச்சிருக்கு, எல்லாம் கால் வெச்சா தெரியும். இப்ப என்னைய ஏரிப் பக்கமே போவக்கூடாதுன்னுட்டாங்க." நான் தரையப் பாத்தேன். சிவப்பு சிமெண்டுத் தரை, ஒரு ஓரமா வெத்தலை எச்சில் காஞ்ச கறை, ஒரு எறும்பு அந்தக் கறையச் சுத்திக்கிட்டுப் போவுது. சஸ்பென்ஷன்னு எனக்குத் தெரியும். நான்தான் அதையும் எழுதினேன், "கடமை தவறிய ஊழியர் மீது உரிய நடவடிக்கை எடுக்க வலியுறுத்தியுள்ளேன்"னு. ஆயிரத்து நாநூறு லைக். பையில இருக்கற காகிதத்துல என்ன இருக்குன்னா, அன்னிக்கு மாலை நாலு பத்துக்கு லஸ்கர் ஏகாம்பரம் அண்ணன் அலுவலகத்துக்குப் போன் பண்ணி மதகு தொறந்தாச்சுன்னு தகவல் சொன்னாரு, அத நம்பித்தான் பதிவு போட்டோம். போன் வந்தது நெஜம். நாலு பத்து நெஜம். ஒரு நிமிஷம் பன்னெண்டு வினாடி, அதுவும் நெஜம், போன் கம்பெனி குடுத்த லிஸ்ட்டுல இருக்கு. என்ன பேசினோம்ங்கறது மட்டும் எந்த லிஸ்ட்டுலயும் இல்ல. அது ரெண்டு பேருக்குத்தான் தெரியும், ரெண்டு பேரும் இந்தப் பெஞ்சுலதான் உக்காந்திருக்கோம்.

அன்னிக்குப் போன்ல இவரு சொன்னது இதுதான்: "அம்மா, மதகு தூக்க மாட்டேங்குது. திருகு பாதியில நின்னுபோச்சு. நாலு ஆளு புடிச்சும் அசையல. கரை கசியுது. எங்க ஆபீசரு போன எடுக்கல, அதான் அண்ணனுக்குப் பண்ணேன். கரைக்குக் கீழ இருக்கற காலனி ஜனங்கள கெளம்பச் சொல்லுங்க. அண்ணன் சொன்னா கேப்பாங்க." பின்னாடி மழை சத்தம், யாரோ ஒருத்தர் "இன்னும் ஒரு தம்மு"ன்னு கத்தற சத்தம். நான் என்ன சொன்னேன்? "சரிங்க, சொல்லிடறேன்." அத்தனைதான். சரிங்க, சொல்லிடறேன். கடைக்காரர் நாளைக்குக் காய் வராதுன்னு சொன்னா சொல்லுவோமே, அந்த மாதிரி. சொன்னேன், சொல்லாம இல்ல, நேரா பிரகலாதன் சாருகிட்ட போயி ஒரு வார்த்தை விடாம சொன்னேன். அவரு யாருக்கோ போன் போட்டாரு, "ம், ம்"னாரு, வெச்சாரு. "மெக்கானிக் கெளம்பிட்டானாம். ஒரு மணி நேரத்துல தொறந்துடுவாங்க. எதிர்க்கட்சிக்காரன் கரை உடையப் போவுதுன்னு வீடியோ போட்டு ஊரையே கெளப்பி விட்டுட்டு இருக்கான். தொறந்தாச்சுன்னே போட்டுடு." போட்டேன். இதுல எனக்கு அன்னிக்கு ஒண்ணும் உறுத்தல, அதுதான், அத நெனச்சாத்தான் இப்ப பயமா இருக்கு. ஏன்னா எங்க வேலையே அப்படித்தான். சாலைக்குத் தார் போடறதுக்கு மொத நாளே "தார்ச்சாலை அமைக்கப்பட்டது"ன்னு போடுவோம், மறுநாள் தார் போட்டுடுவாங்க. தண்ணித் தொட்டிக்கு மோட்டார் வர்றதுக்கு முன்னாடி "குடிநீர் வழங்கப்பட்டது"ன்னு போடுவோம், ரெண்டு நாள்ல மோட்டாரு வந்துடும். பொய் சொல்றோம்னு யாரும் நெனச்சதில்ல. உண்மைதான், கொஞ்சம் முன்னாடி கெளம்பி வந்துடுச்சு, அவ்வளவுதான்னு நாங்களே சிரிச்சிக்குவோம். பத்துக்கு ஒம்பது தடவை நடக்கறது பின்னாடி ஓடி வந்து பதிவப் புடிச்சிடும். அந்த ஒரு தடவை புடிக்கல.

போட்டோ வேற. போட்டோ இல்லாம அண்ணன் பதிவு கெடையாது. அண்ணன் அன்னிக்கு சென்னையில ஒரு கல்யாண வரவேற்புல இருந்தாரு, பீடா போட்டுக்கிட்டு. ஆனா எங்ககிட்ட ஓலைத்தாங்கல் போட்டோ இருந்துச்சு. வருஷத்துக்கு ரெண்டு தடவை போட்டோ நாள்னு ஒண்ணு உண்டு. காலையில கெளம்பினா சாயங்காலம் வரைக்கும் ஏரி, பள்ளிக்கூடம், ரேஷன் கடை, ஆரம்ப சுகாதார நிலையம், எல்லாத்துலயும் அண்ணன நிக்க வெச்சு எடுத்து வெச்சுக்குவோம், அப்புறம் வருஷம் பூரா ஒவ்வொண்ணா அவுத்து விடுவோம். வெள்ளைச் சட்டைக்குத் தேதி கெடையாதுல்ல. மழைக்கால போட்டோ வேணும்னா குடையப் புடிக்கச் சொல்லி, தண்ணி பாட்டில்ல இருந்து தோள்ல கொஞ்சம் தெளிச்சு விடுவேன். நான்தான் தெளிப்பேன். "ஏய் மேகலா, ஜில்லுனு இருக்கும்மா"ம்பாரு, எல்லாரும் சிரிப்போம். அப்படி ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி எடுத்தது, அண்ணன் குடையோட நிக்கறாரு, பின்னாடி மதகு தொறந்து தண்ணி பாஞ்சு போவுது, நல்லா நுரை தெறிக்க. அத எடுத்துப் போட்டேன். "ஓலைத்தாங்கல் ஏரி மதகை இன்று நேரில் ஆய்வு செய்தேன். மதகு திறக்கப்பட்டு நீர் பாதுகாப்பாக வெளியேறி வருகிறது. வதந்திகளை நம்பாதீர்கள். நான் இருக்கிறேன்." நாலு நாப்பது. எழுத்துப்பிழை ஒண்ணு கூட இல்ல. ரெண்டு தடவை படிச்சுப் பாத்துட்டுத்தான் போட்டேன், ஒற்று மிகுமா மிகாதான்னு பாத்தேன், கடவுளே, ஒற்றப் பாத்தேன்.

"காலனியில பாதிப்பேரு கெளம்ப இருந்தாங்கம்மா." இவரு இன்னும் பேசிட்டுத்தான் இருக்காரு. "நான் கரையில இருந்து ஆள அனுப்பினேன், வூடு வூடா போயி சொல்லுடான்னு. இவன் போறதுக்குள்ள போன்ல வந்துடுச்சாம், தொறந்தாச்சு, எம்.எல்.ஏவே நிக்கறாருன்னு. படம் வேற. தண்ணி பாயுற படம். இவன் சொன்னத எவனும் கேக்கல. 'போடா, உங்க லஸ்கரு குடிச்சிட்டு சொல்றாரு'ன்னாங்களாம். நான் பீடி கூட குடிக்க மாட்டேன்மா." கைய விரிச்சுக் காட்டினாரு. உள்ளங்கையில நடுவுல ஒரு தழும்பு, புதுசு, செவப்பா. மதகுத் திருகப் புடிச்சு இழுத்ததுல கிழிஞ்சதுன்னாரு. மெக்கானிக்கு வரவே இல்லையாம். வழியில பாலத்து மேல தண்ணி போனதால திரும்பிப் போயிட்டானாம். ஆறே முக்காலுக்குக் கரை ஒடஞ்சது. காலனியில ரெண்டு பேரு போயிட்டாங்க. மத்தவங்க கோயில் மாடியில ஏறிட்டாங்க, மாடு கன்னு போச்சு, வூடு போச்சு, ஆனா உசுரு ரெண்டுதான். "ரெண்டுதான்"னு நானே ஒரு தடவை ஆபீசுல சொன்னேன், பிரகலாதன் சாரு சொன்னத அப்படியே திருப்பி. அந்த நாக்க அறுக்கணும். வெண்ணிலா, இருபத்தேழு வயசு. அவ மாமியாரு காசியம்மா. புருஷன் திருப்பூர்ல பனியன் கம்பெனியில.

அந்த வெண்ணிலா. வேணாம், இப்ப அவள நெனக்க வேணாம். வராந்தாவுல காத்து இல்ல, மேல ஃபேன் இருக்கு, சுத்தல, அதுல ஒரு புறா எச்சம். உள்ள டைப் அடிக்கற சத்தம் கேக்குது. கம்ப்யூட்டரா டைப்ரைட்டரா? கம்ப்யூட்டருதான், ஆனா ஓங்கி ஓங்கி அடிக்கறாங்க. கதவுத் தாப்பா ஒடஞ்சிருக்கு, காகிதத்த மடிச்சு சொருகி வெச்சிருக்காங்க, அப்பவும் கொஞ்சம் கொஞ்சமா தொறந்துக்குது. அன்னிக்கு மணி அஞ்சு அஞ்சுக்கு வெண்ணிலா கேட்டா. பதிவுக்குக் கீழ. ரோஜாப்பூ படம் வெச்ச அக்கவுண்ட்டு. "அண்ணா மதகு திறந்தாச்சுனு போட்ருக்கீங்க. நாங்க காலனில இருக்கோம். மாமியாருக்கு நடக்க முடியாது ஆட்டோ சொல்லணும். இப்ப கிளம்பணுமா வேணாமா." கேள்விக்குறி கூட இல்ல. எங்க ஆபீசுல ஒரு சட்டம் உண்டு, மக்கள் கேட்டா பத்து நிமிஷத்துல அண்ணன் பதில் சொல்லியாவணும், அத மேடையில சொல்லி சொல்லி கை தட்டல் வாங்குவாரு. நாலு நிமிஷத்துல சொல்லிட்டேன். எனக்குத் தெரியும்ல? மதகு தூக்கலன்னு எனக்குத் தெரியும்ல? ஒரு மணி நேரத்துக்கு முன்னாடி இவரு என் காதுலதானே சொன்னாரு? தெரிஞ்சும் எப்படி எழுதினேன்? நெஜமா சொல்றேன், அந்த நேரத்துல எனக்கு அது ஞாபகத்துலயே இல்ல. போட்ட பதிவுதான் ஞாபகத்துல இருந்துச்சு. தொறந்தாச்சுன்னு நான் எழுதினத நானே நம்பிட்டேன். இத உள்ள போயி சொன்னா எந்த மேடம் ஒத்துக்குவாங்க? என் மனசே ஒத்துக்க மாட்டேங்குது. நம்பினியா, இல்ல பிரகலாதன்கிட்ட போயி கேக்கப் பயந்தியா? எழுந்து நாலு அடி நடந்து "சார், தொறந்துட்டாங்களா?"ன்னு கேட்டிருந்தா ஆச்சு. ஆட்டோ சொல்லிக்கம்மான்னு எழுதியிருந்தா ஆச்சு. பதில் போட்டேன். அதுக்கு அவ ஒண்ணு எழுதினா. அது வேணாம். அத நெனக்க மாட்டேன். மறுநாள் காலையில மொதல்ல வந்து அந்தப் பதிவத்தான் எடுத்தேன், பிரகலாதன் சாரு எடுக்கச் சொன்னாரு, எடுத்தா கீழ இருந்த எல்லாமும் போயிடும். ஆனா எடுக்கறதுக்கு முன்னாடி போன்ல படம் புடிச்சி வெச்சேன். எதுக்குப் புடிச்சேன்னு தெரியல. நாலு மாசமா அது இந்த போன்ல இருக்கு, தொறந்து பாத்ததில்ல.

இவருக்கு என் குரல் தெரிஞ்சா என்ன ஆவும்ங்கறது இல்ல பயம். நான் நெஜத்த சொன்னா என்ன ஆவும்னு பாப்போம். நாலு பத்து போன்ல இவரு தூக்கலன்னுதான் சொன்னாருன்னு நான் சொன்னா, இவரு தப்பிச்சாரு. சரி. அப்புறம் அடுத்த கேள்வி, "தூக்கலன்னு தெரிஞ்சுதானே அந்தப் பொண்ணுக்குப் பதில் போட்ட?" அங்க யாரும் இல்ல, அண்ணன் இல்ல, பிரகலாதன் இல்ல, நான் ஒருத்திதான். பதிவு போடச் சொன்னது அவரு. பதில் போடச் சொல்லி யாரும் சொல்லல. அந்தப் பதில் முழுக்க முழுக்க என்னோடது. ஜெயில்னா எப்படி இருக்கும்? அம்மாவ யாரு பாத்துக்குவாங்க? நாங்க இருக்கற வாடகை வூடே அண்ணனோட மச்சினருது. "நீ எங்க வூட்டுப் பொண்ணு மேகலா, உன்ன விட்டுடுவோமா?"ன்னாரு பிரகலாதன் சாரு, காகிதத்துல கையெழுத்து வாங்கும்போது. பேனாவும் அவருதான் குடுத்தாரு. விட்டுடுவோமாங்கறது ரெண்டு விதமாவும் காதுல விழுந்துச்சு. போட்டுட்டேன். அந்தக் கையெழுத்து இருக்கே, அது கூட என்னோடது மாதிரி இல்ல.

"பொண்டாட்டி தண்ணி புடிக்கப் போனா வரிசையில இருந்து ஒதுங்கிடறாங்கம்மா எல்லாரும்." குரல் எறங்கிடுச்சு. "ஒருத்தரும் ஒண்ணும் சொல்லல. ஒதுங்கிடறாங்க. அவ கொடத்த வெச்சிட்டு வந்துடறா. அந்த வெண்ணிலாவ எனக்குச் சின்னப் புள்ளையில இருந்து தெரியும். ஏரியில மீன் ஏலம் வுடும்போது அவங்கப்பாவோட வந்து கரையில உக்காந்திருக்கும். அத நான் கொன்னேன்னு சொல்றாங்க. ரெண்டு உசுரையும் என் தலையில போடறாங்க." கண்ணத் தொடைக்கல, அப்படியே வுட்டுட்டாரு. நான் இந்தப் பக்கம் திரும்பிக்கிட்டேன். "நான் போன் பண்ணேன்மா. ஒரு பொண்ணு எடுத்துச்சு. மரியாதையா பேசிச்சு, 'சரிங்க, சொல்லிடறேன்'னுச்சு. நான் கரைக்கு ஓடினேன், இனிமே அண்ணன் பாத்துக்குவாருன்னு. அந்தப் பொண்ணு வந்து இன்னது சொன்னாருன்னு ஒரு வார்த்தை சொன்னா போதும். வேற ஒண்ணும் வேணாம். வேலை கூட வேணாம்." இவரு பையில இருந்து ஒரு தண்ணி பாட்டில எடுத்தாரு, மூடியத் தொறந்து என்கிட்ட நீட்டினாரு. "குடிம்மா. மூஞ்சி வெளுத்துக் கெடக்கு." வாங்கினேன். அந்த பாட்டில் கையில பட்டதும் அண்ணன் தோள்ல நான் தெளிச்ச தண்ணி ஞாபகம் வந்துச்சு. குடிச்சேன். தண்ணி சுடுது. பாட்டில திருப்பிக் குடுக்கும்போது இவரு என் முகத்தப் பாக்கல, கதவப் பாத்துக்கிட்டிருந்தாரு. ஏதோ ஒண்ணு. ஏதோ ஒண்ணு சரியில்ல. பேச்சு வராதவகிட்ட இவ்வளவும் எதுக்கு சொல்றாரு? எதுக்கு ஒவ்வொண்ணா, வரிசையா, சாட்சி சொல்ற மாதிரி சொல்றாரு? நான் வந்தப்போ தூங்கிட்டிருந்தாரா? துண்டு முகத்துல இருந்தா தூக்கம்னு அர்த்தமா?

"ஐயா." சொல்லிட்டேன். என் குரல் எனக்கே புதுசா இருந்துச்சு, பாதி காத்தும் பாதி சத்தமுமா. "ஐயா, அன்னிக்குப் போன எடுத்தது நான்தான்." "தெரியும்மா"ன்னாரு இவரு. "வந்ததும் தபேதார்கிட்ட பேசினியே, அப்பவே தெரிஞ்சுபோச்சு. நாலு மாசமா அந்த ஒரு குரலத்தானே மனசுல கேட்டுக்கிட்டு இருக்கேன்." அப்ப ஏன் சொல்லல? அவரே சொன்னாரு. "சொல்லியிருந்தா நீ எழுந்து போயிருப்ப. எனக்கு உன்ன வுட்டா வேற ஆளு இல்ல." திட்டியிருந்தா தாங்கியிருப்பேன். செருப்ப எடுத்திருந்தா கூட, அடிங்கன்னு குனிஞ்சிருப்பேன். துண்ட ஒதறித் தோள்ல போட்டுக்கிட்டாரு, "இன்னொரு வாய் தண்ணி குடிச்சிட்டுப் போ"ன்னாரு. கதவு தொறந்துச்சு. தபேதார் எட்டிப் பாத்து "மேகலா யாரு?"ன்னாரு. எழுந்தேன். கைப்பை பெஞ்சுல மாட்டிக்கிச்சு, இவருதான் எடுத்து விட்டாரு.

உள்ள கோட்டாட்சியர் மேடம் என்ன விடச் சின்னவங்க மாதிரி இருக்காங்க. கண்ணாடி. மேசையில பாதி சாப்பிட்ட கொய்யா, அது மேல ஒரு ஃபைல சாச்சு வெச்சிருக்காங்க. டைப் அடிக்கறவரு மூலையில. "உக்காருங்க. நிறைய பேரு இருக்காங்க, சீக்கிரம் முடிச்சிடலாம். இது நீங்க குடுத்த வாக்குமூலம்தானே? ஆமான்னு சொன்னா போதும்." காகிதத்தத் திருப்பி எனக்குக் காட்டறாங்க. கீழ என் கையெழுத்து. ஆமா. ரெண்டே எழுத்து, சொல்லிட்டா வெளிய போயிடலாம், வேப்பமரம், பஸ், அம்மா, சாயங்காலம் அண்ணனுக்கு ஒரு நூலகத் திறப்பு விழாப் பதிவு, நூலகம் இன்னும் வெள்ளையடிக்கல, ஆனா போட்டுடலாம். ஆமா. நாக்கு நுனியில நிக்குது. பின்னாடி கதவு கிரீச்சுன்னு தானா தொறந்துக்கிச்சு, தாப்பாவுல சொருகின காகிதம் வுழுந்திருக்கும். நான் திரும்பிப் பாக்கல. பாத்தா பெஞ்சு தெரியும். அந்தப் பக்கம் இருமல் கூட இல்ல, மூச்சு விடற சத்தம் கூட இல்ல, அங்க ஒரு மனுஷன் மொத்தமா காதா உக்காந்திருக்காரு.

"கையெழுத்து என்னோடதுதான் மேடம். அதுல இருக்கறது நெஜம் இல்ல." மேடம் தலைய நிமித்தினாங்க. "நாலு பத்துக்குப் போன் வந்துச்சு. நான்தான் எடுத்தேன். மதகு தூக்கல, கரை கசியுது, காலனிக்காரங்கள கெளம்பச் சொல்லுங்கன்னு அவரு சொன்னாரு. அதத்தான் சொன்னாரு." கொஞ்சம் சத்தமா சொன்னேன், வெளிய கேக்கற மாதிரி. சொல்லி முடிச்சதும் உடம்பு லேசா இருக்கும்னு நெனச்சேன், இல்ல, கனமாத்தான் இருந்துச்சு. மேடம் பேனா மூடியப் போட்டாங்க, திரும்பத் தொறந்தாங்க. "என்ன சொல்றீங்கன்னு புரிஞ்சுதான் சொல்றீங்களா?" "புரிஞ்சுதான் மேடம்." "அப்ப அந்த வெண்ணிலாங்கறவங்க கேட்டதுக்கு அந்தப் பக்கத்துல ஏதோ பதில் வந்துச்சுன்னு காலனிக்காரங்க சொன்னாங்களே, அது போட்டது?" "நான்தான். யாரும் சொல்லல. நானே போட்டது." மேடம் பழைய காகிதத்த ஓரமா தள்ளி வெச்சாங்க. அப்புறம் டைப் அடிக்கறவரு பக்கம் திரும்பி, "புதுசா எடுங்க"ன்னாங்க. என்கிட்ட, "என்ன பதில் போட்டீங்களோ அத வார்த்தை மாறாம சொல்லுங்க"ன்னாங்க.

போன எடுத்தேன். நாலு மாசமா தொறக்காத படம். விரல் ஈரமா இருந்ததால போன் தொறக்க மாட்டேங்குது, பொடவையில தொடச்சேன், தொறந்துச்சு. இந்த வார்த்தைய எழுதினவ நானு, ஆனா வாயால சொன்னதே இல்ல. "வீட்டிலேயே பத்திரமா இருங்கம்மா." டக் டக்குன்னு அடிச்சாரு. "பத்திரமா இருங்கம்மா... அப்புறம்?" "அண்ணன் இருக்கேன்." அடிச்சாரு. "அவ்வளவுதானா?" "கடைசியில ஒரு கும்பிடற கை, பொம்மை." அவரு மேடத்தப் பாத்தாரு. "பொம்மை அடிக்க முடியாது மேடம்." "கை கூப்பிய படம்னு எழுதுங்க." எழுதினாரு. மேடம் கண்ணாடியக் கழட்டி மேசையில வெச்சாங்க. "அதுக்கு அந்தம்மா ஏதாவது சொன்னாங்களா?" சொன்னா. மணி அஞ்சு பன்னெண்டு. படத்துல கீழ இருக்கு, ரோஜாப்பூவுக்குப் பக்கத்துல, ஒரே ஒரு வரி. கண்ணு மங்கி எழுத்து தெரியல, ஆனா பாக்காமலே தெரியும், நாலு மாசமா எனக்குத் தெரியும்.

"'சரிங்க அண்ணா, அப்ப உலை வெச்சிடறேன்'னு போட்டாங்க மேடம்."

டைப் அடிக்கறவரு கைய எடுத்துட்டாரு. வெளிய பெஞ்சு லேசா நகர்ற சத்தம் கேட்டுச்சு. மேடம் "அடிங்க"ன்னாங்க.